தேம்ஸ் நதியில் யார் வழி விடணும்?

ஒரே ஆறு. அதுல பாட்டு, டான்ஸ்னு உல்லாசப் படகும் போகுது, நிலக்கரி ஏத்தப் போற கப்பலும் போகுது. ரெண்டும் எதிரெதிரே வந்தா யார் ஒதுங்கணும்? கேட்க சின்னக் கேள்விதான். லண்டன்ல இந்தக் கேள்வியால ஒரே ராத்திரியில அறுநூறு பேருக்கு மேல செத்துப்போனாங்க.

1878, செப்டம்பர் 3. 'பிரின்சஸ் ஆலிஸ்'னு ஒரு துடுப்புச் சக்கர நீராவிப் படகு. காலையில லண்டன்ல இருந்து கிளம்பி கடலோர ஷியர்னெஸ் வரைக்கும் போய்ட்டு ராத்திரிக்குள்ள திரும்பிடும். குறைஞ்ச காசுல ஒரு நாள் சந்தோஷம். குடும்பம் குடும்பமா, குழந்தைங்களோட ஏறியிருந்தாங்க. கிட்டத்தட்ட 700 பேர் இருந்திருக்கலாம்னு கணக்கு. பயணிகள் பட்டியல்னு ஒண்ணு கிடையாது. அதனாலதான் இறந்தவங்க எண்ணிக்கைகூட இன்னைக்கு வரைக்கும் துல்லியமா இல்ல.

இருட்டு விழுந்த நேரம். உல்விச் பக்கம் ட்ரிப்காக் முனைன்னு ஒரு வளைவு. எதிர்ல 'பைவெல் காசில்'. நிலக்கரிக் கப்பல். சரக்கு எதுவும் ஏத்தாம, நியூகாசிலுக்குக் கிளம்பியிருந்தது. காலியா இருந்ததால தண்ணிக்கு மேல உயரமா நின்னது. அந்தப் படகுல இருந்தவங்களுக்கு அது ஒரு இரும்புச் சுவர் வர்ற மாதிரிதான் தெரிஞ்சிருக்கும்.

இங்கதான் விஷயமே இருக்கு. எதிரெதிரே வர்ற ரெண்டு நீராவிக் கப்பலும் இடப்பக்கத்தோட இடப்பக்கம் கடக்கணும், அதாவது அவங்கவங்க வலது கைப் பக்கம் ஒதுங்கணும்னு 1872லயே தேம்ஸ்ல விதி போட்டாச்சு. ஆனா ஆத்துல பழக்கம் வேற. நீரோட்டத்தை எதிர்த்து மேல வர்றவங்க, இழுப்பு குறைவா இருக்கிற கரையோரமா, முனையை ஒட்டியே போவாங்க. கரி மிச்சம், நேரம் மிச்சம். (நம்ம ஊர் சிக்னல்ல 'எல்லாரும் இப்படித்தான் போறாங்க'ன்னு சொல்றோமே, அதே கதைதான்.)

ஆலிஸோட விளக்குகளைப் பார்த்த கேப்டன் ஹாரிசன், அது குறுக்கே வடகரைக்குப் போகுதுன்னு நினைச்சு, அதோட பின்பக்கமா கடந்துடலாம்னு தன் கப்பலைத் திருப்புறார். ஆலிஸ் தென்கரைப் பக்கமே திரும்பிடுச்சு. ஒருத்தர் விதியை வச்சுக் கணக்குப் போட, இன்னொருத்தர் பழக்கத்தை வச்சுக் கணக்குப் போட்ட மாதிரிதான் எனக்குத் தோணுது. இடிச்ச வேகத்துல ஆலிஸ் உடைஞ்சு, சுமார் 4 நிமிஷத்துல மூழ்கிடுச்சு. பைவெல் காசில்ல இருந்தவங்க கயிறு வீசினாங்க. சிலர் பிடிச்சு ஏறினாங்க, அவ்வளவுதான்.

இன்னொரு கொடுமையும் உண்டு. லண்டன் நகரத்தோட மொத்தச் சாக்கடையையும் ஆத்துல திறந்து விடுற ரெண்டு இடம் அந்தப் பக்கம்தான் இருந்தது. கொஞ்ச நேரம் முன்னாடிதான் திறந்திருந்தாங்க. நீந்தத் தெரிஞ்சவங்களுக்குக்கூட அந்தத் தண்ணி சாதாரணத் தண்ணியா இல்ல.

யார் மேல தப்பு? வர்த்தக வாரியம் ஆலிஸ் விதியை மீறினதுன்னு சொன்னது. மரண விசாரணை ஜூரி, ரெண்டு பேருமே நேரத்துக்கு நிறுத்தலன்னு சொன்னாங்க. அதோட, படகுல பாதுகாப்பான அளவைவிட அதிகக் கூட்டம், உயிர்காக்கும் சாதனங்கள் போதாதுன்னும் சொன்னாங்க. ஆலிஸோட கேப்டன் கிரின்ஸ்டெட் தன் தரப்பைச் சொல்ல உயிரோட இல்ல.

சரி, அது நூறு வருஷத்துக்கு முந்தி, பாடம் கத்திருப்பாங்கன்னு நினைப்போம். 1989 ஆகஸ்ட் 20, விடியக் காலை ரெண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி. 'மார்ஷனஸ்' படகுல பிறந்தநாள் பார்ட்டி, பெரும்பாலும் இளைஞர்கள். பின்னாடி இருந்து வந்த 'போபெல்' என்ற மணல் அள்ளும் கப்பல் இடிச்சு 51 பேர் இறந்தாங்க. இந்த முறை சாக்கு பார்வை. போபெல்லைச் செலுத்துற அறை கப்பலோட பின்பக்கம்; முன்னாடி மணல் அள்ளும் கருவிகள் மறைச்சது. மார்ஷனஸை ஓட்டினவருக்குப் பின்னாடி பார்க்க வழியில்ல. ரெண்டு பக்கமும் சரியான கண்காணிப்பு இல்லன்னு விசாரணை சொன்னது. ஆனா ஒரு படகை அப்படிக் கட்டவும், அப்படியே ஓட்டவும் அனுமதிச்சது யாரு? அந்தக் கேள்விக்காகக் குடும்பங்கள் பத்து வருஷத்துக்கு மேல போராடினாங்க. கிளார்க் விசாரணை அறிக்கை 2001லதான் வந்தது. கப்பல் உரிமையாளர்களையும் நிர்வாகிகளையும் அரசுத் துறையையும் சேர்த்தே குறை சொன்னது.

இன்னைக்குச் சர்வதேசக் கடல் விதிகள்ல ஒன்பதாவது விதி நேராவே சொல்லுது: குறுகலான கால்வாய்க்குள்ள மட்டும்தான் பாதுகாப்பா போக முடியும்ங்கிற பெரிய கப்பலுக்கு, 20 மீட்டருக்குக் குறைவான படகு இடைஞ்சலா இருக்கக் கூடாது. பெரிசுக்குப் பயந்து ஒதுங்குன்னு அர்த்தமில்ல. பெரிசால உடனே நிக்கவோ ஒதுங்கவோ முடியாது, அதனாலதான். பெரிய கப்பல்காரர் கண்ணைத் திறந்து வச்சிருக்கணும்ங்கிற கடமை அப்படியேதான் இருக்கு.

2002 ஜனவரியில தேம்ஸ்ல நாலு மீட்புப் படகு நிலையங்கள் தொடங்கினாங்க: கிரேவ்ஸெண்ட், டவர், சிஸ்விக், டெடிங்டன்.  வாட்டர்லூ பாலத்துக்குப் பக்கத்துல இருக்கிற டவர் நிலையம் இப்போ நாட்டுலயே அதிக அழைப்பு வர்ற நிலையம். லண்டன் போனா பாலத்து மேல நின்னு எட்டிப் பாருங்க. படகு கட்டியே கிடக்கும், ஆட்கள் இருபத்தி நாலு மணி நேரமும் இருப்பாங்க.