பணிக்கர் வழியில் போகாத மாணவி

ஓவியர் டி.கே. பத்மினியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இரண்டு செய்திகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள்: கே.சி.எஸ். பணிக்கரிடம் படித்தவர், முப்பது வயதைத் தொடாமலே 1969இல் பிரசவத்தில் இறந்தவர். இரண்டும் உண்மைதான். ஆனால் ஒன்று அவரைக் குருவின் நிழலில் நிறுத்துகிறது, மற்றது இரக்கத்துக்கு உரியவராக்குகிறது. அவருடைய ஓவியத்தின் பக்கம் நம் கண்ணை இரண்டுமே திருப்புவதில்லை. 1940இல், அன்று சென்னை மாகாணத்தில் இருந்த பொன்னானிக்கு அருகே காடஞ்சேரியில் பிறந்தவர் பத்மினி. கவிஞர் இடசேரி கோவிந்தன் நாயர் போன்றோர் ஊக்கம் தர, அறுபதுகளின் தொடக்கத்தில் எழும்பூர் ஓவியக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

அப்போது அங்கே முதல்வராக இருந்த பணிக்கர் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தார் என்று பார்த்தால்தான் மாணவியின் தனித்தன்மை புலப்படும். 1963 வாக்கில் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் அவர் எழுத்து, எண், ஜாதகக் கட்டம் போன்ற வடிவங்களால் திரையை நிரப்பினார். மனித உடல் பின்னுக்குப் போயிற்று. பத்மினியோ உடலை விடவே இல்லை. கரும்பச்சையும் பழுப்பும் மண்நிறமும் தோய்ந்த பரப்பில், ஆடையற்ற கருத்த பெண்கள் மரங்களோடும் நிலத்தோடும் ஒன்றி நிற்கிறார்கள். ரவிவர்மா ஓவியங்களின் பட்டும் நகையும் வெளுத்த மேனியும் இங்கே கிடையாது. பார்ப்பவரைக் கவர வேண்டும் என்ற முனைப்பும் கிடையாது. குருவுக்கு எதிர்த்திசையில் இவ்வளவு பிடிவாதமாக நடந்தவரை ‘மாணவி’ என்ற ஒரே சொல்லில் அடைப்பது நியாயமா?

பிரெஞ்சு ஓவியர் கோகனின் சாயல் தெரிகிறதே என்று கேட்கலாம். தெரிகிறதுதான். ஆனால் கோகன் தாஹிட்டிப் பெண்களை வெளியிலிருந்து வந்து பார்த்தவர். பத்மினி வரைந்தது தன் மண்ணின் பெண்களை. சில ஆண்டுகளே வரைந்தவரை எப்படி எடைபோடுவது என்பது இன்னொரு தடை. அமிர்தா ஷெர்-கில் 1941இல் இறந்தபோது அவருக்கும் வயது 28தான். இந்திய நவீன ஓவியத்தின் தொடக்கப்புள்ளியாக அவரைக் கொண்டாட யாரும் தயங்கவில்லை. ஷெர்-கில்லின் ஓவியங்கள் டெல்லியின் தேசிய நவீனக் கலைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பத்மினியுடையவற்றில் பல கொச்சியில், கேரள லலித்கலா அகாதமியின் பொறுப்பில் தங்கின. 2018இல் மலையாளத்தில் அவர் வாழ்க்கை திரைப்படமாகவும் வந்தது. அவர் பயின்ற சென்னையில்தான் பேச்சு குறைவு. மெட்ராஸ் ஓவிய இயக்கத்தின் வரலாற்றை இனி எழுதப்போகிறவர்கள் பணிக்கர் முன்னின்று உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தோடு நின்றுவிடாமல் கொச்சிக்கும் ஒரு முறை போய்வர வேண்டும்.