நூல்விதியும் வழக்காறும்: ஜே.எச். நெல்சனும் சென்னை உயர்நீதிமன்றத்தின் இந்துச் சட்டமும்

இராமநாதபுரம் ஜமீன் வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில் 1868இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில், மதுரை மாவட்டத்தின் வரலாற்றையும் சாதிவழக்கங்களையும் தொகுத்த தம் கையேட்டை ஜே.எச். நெல்சன் வெளியிட்டார். அக்கையேட்டை ஆய்வாளர்கள் இன்றும் எடுத்தாளுகின்றனர். அவர் பின்னர் எழுதிய சட்டத் திறனாய்வுகளோ அந்த அளவிற்குப் பேசப்படுவதில்லை. சமஸ்கிருத நூல்களின் விதி தமிழகத்துக் குடிகள் அனைவர்க்கும் சட்டமானது எவ்வாறு என்னும் வினாவிற்கு அவற்றைத் தவிர்த்து விடை காண இயலாது.

இராமநாதபுர வழக்கின் சிக்கல் இது: கணவனின் அனுமதியின்றி, உறவினரின் இசைவை மட்டும் பெற்று, விதவையான ராணி எடுத்த தத்து செல்லுமா? செல்லாது என்றது மதுரைக் கலெக்டர் தரப்பு. செல்லும் எனப் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. இந்துச் சட்டத்தில் தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்காறு எழுதப்பட்ட விதியினும் வலியது என்னும் நெறியும் அத்தீர்ப்பில் வகுக்கப்பட்டது. இந்நெறியைப் பாராட்டுவோர் 'மெய்ப்பிக்கப்பட்ட' என்னும் அடையைப் பெரும்பாலும் கடந்துசென்றுவிடுகின்றனர். நான்கே ஆண்டுகளில் அதன் பொருள் வெளிப்பட்டது. திருநெல்வேலிச் சீமையின் வாரிசுரிமை வழக்கொன்றில் (1872), சிறப்பு வழக்காறு தொன்மையானதாகவும் மாறாததாகவும் இருத்தல் வேண்டும். ஐயத்திற்கிடமற்ற சான்றால் அது நிறுவப்படவும் வேண்டும் என அதே மன்றம் கூறியது.

நூல்விதிக்கு இத்தகைய சோதனை ஏதும் இல்லை. மிதாட்சரம் மேலைச் சாளுக்கியரின் கல்யாணியில் விஞ்ஞானேசுவரர் எழுதிய உரை. அதன் தாயபாகப் பகுதியைக் கோல்புரூக் 1810இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். குறிப்பிட்ட ஒரு சமூகம் அவ்வுரையை என்றேனும் ஏற்றிருந்ததா என்று மன்றம் கேட்பதில்லை. ஏற்கவில்லை என்போரே அதை மெய்ப்பித்தாக வேண்டும்.

1877இல் வெளிவந்த நூலில், உயர்நீதிமன்றம் பின்பற்றிவந்த பதினைந்து கொள்கைகளைப் பிழையானவை என நெல்சன் சுட்டினார். இந்துச் சட்டம் என ஒன்று உண்டா என்றே அவர் ஐயுற்றார். பின்வந்தோர் பலரும் இந்த ஐயத்தையே பெரிதாகப் பேசினர். எனினும் அவர் வாதத்தின் வலிமை மெய்ப்பிக்கும் பொறுப்பு பற்றிய பகுதியிலேயே உள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்து. எழுத்துப்பதிவு இல்லாத ஒரு குடி, தன் வழக்கத்தின் தொன்மையை எதைக் கொண்டு நிறுவும்? ஊர்ப்பெரியோரின் வாய்மொழியை அயல்மொழி மன்றம் எவ்வாறு எடைபோடும்? ஜமீன்தார்களால் இலண்டன்வரை செல்ல முடிந்தது. சில காணி நிலத்திற்காக வழக்காடிய உழவனால் அது இயலாது. (அக்காலச் சட்ட அறிக்கைகளில் ஜமீன் குடும்பங்கள் மிகுதியாகத் தென்படுவதை இதனோடு சேர்த்து நோக்கலாம்.)

நீதிபதிகள் இதனை அறியாதவர்கள் அல்லர். மறவரிடையே எழுந்த வாரிசுரிமை வழக்கொன்றில், அவர்கள்மீது இந்துச் சட்டக் கோட்பாடுகளைச் சுமத்துவது நகைப்பிற்கிடமானது என்று சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஹாலோவே வெளிப்படையாகவே எழுதினார். ஆயினும் காலம் கடந்துவிட்டது என்று கூறி அச்சட்டத்தின்படியே நடந்தார். பிழை எனத் தெரிந்தும் முன்தீர்ப்புகளின் கட்டிலிருந்து விடுபட முடியாத நிலைக்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

நெல்சனுக்கு மறுப்பாக நீதிபதி எல்.சி. இன்னெஸ் 1882இல் ஆளுநர் கிராண்ட் டஃபிற்கு முகவரியிட்ட மடல் ஒன்றை நூலாக வெளியிட்டார். நிலைபெற்ற தீர்ப்புகளை நம்பியே மக்கள் சொத்துகளை வாங்கவும் விற்கவும் பிரிக்கவும் செய்திருந்த காலம் அது. அவற்றைக் கலைத்தால் உடைமை உரிமைகள் குலையும் என்னும் அச்சத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. நெல்சனிடமும் குறை உண்டு. பிராமணர்க்கு நூல், ஏனையோர்க்கு வழக்காறு என அவர் வகுத்த கோடு மிக நேரானது. சமூக மதிப்பை நாடி நூல்விதியைத் தாமே தழுவிய குடும்பங்களுக்கு அதில் இடமில்லை.

வழக்காற்றை எழுதிவைத்திருந்தால் இச்சிக்கல் தீர்ந்திருக்குமா? யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை (1707) முதுசம், சீதனம், தேடியதேட்டம் ஆகிய உடைமைப் பகுப்புகளை உள்ளூர்ச் சொற்களிலேயே காத்தது. அங்கு வழக்காற்றை மெய்ப்பிக்கும் சுமை பெரிதும் குறைந்தது. ஆனால் எழுதப்பட்ட வழக்காறும் ஒரு நூலாகவே மாறியது. காலத்திற்கேற்ப நெகிழும் இயல்பை இழந்தது.

நெல்சன் எழுப்பிய வினா இன்றைய மன்றங்களிலும் எழுகிறது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் வழக்காற்றின்படி பெறும் மணமுறிவை 29(2)ஆம் பிரிவில் காக்கிறது. அதே சட்டத்தின் 3ஆம் பிரிவோ, வழக்காறு நெடுங்காலம் இடையறாது ஒரே சீராகப் பின்பற்றப்பட்டிருத்தல் வேண்டும் என வரையறுக்கிறது. ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்த்துக்கொண்டு மறுமணம் செய்த பெண், முதல் மணம் முறிந்ததை மன்றத்தில் காட்ட நேர்கையில், தன் சாதியில் அவ்வழக்கம் தொன்றுதொட்டு உண்டு என்பதை அவளே மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது.