கப்பலுக்கு மஞ்சக் கொடி, கம்ப்யூட்டருக்கு குவாரன்டைன்

போன மாசம் அப்பா போன் பண்ணினார். "ஏம்ப்பா, ஆன்டிவைரஸ் முடிஞ்சிடுச்சாம். 1,499 ரூபா கட்டுன்னு மெயில் வந்திருக்கு, கட்டிடவா?"

அந்தப் பேர்ல ஒரு ஆன்டிவைரஸை நாங்க வாங்கினதே கிடையாது! நல்லவேளை, லிங்க்கை அமுக்கறதுக்கு முன்னாடி கேட்டார். மறைஞ்சுபோன எங்க பாட்டியோட போட்டோ எல்லாம் அந்த கம்ப்யூட்டர்லதான் இருக்கு. வேற எங்கயும் இல்ல.

"சரிடா, அப்ப எந்த ஆன்டிவைரஸ்தான் போடறது?"ன்னு அடுத்த கேள்வி. பதில் சொல்லணும்னா கொஞ்சம் சரித்திரம் பேசணும், பொறுத்துக்கோங்க :-)

நாங்க ராயபுரம். காசிமேடு பக்கம் நின்னா, தூரத்துல கப்பல்கள் உள்ளே வராம காத்துக்கிட்டு நிக்கறது தெரியும். ஆன்டிவைரஸ்ல 'குவாரன்டைன்'னு ஒரு வார்த்தை வருதே, அது பிறந்ததே இப்படி ஒரு துறைமுகத்துலதான். 1377-ல ரகூசா நகரம் (இன்னிக்கு குரோஷியாவுல இருக்கிற துப்ரோவ்னிக்) ஒரு சட்டம் போட்டது. பிளேக் பரவின ஊர்ல இருந்து வர்றவங்க 30 நாள் வெளியிலேயே இருந்துட்டுத்தான் உள்ளே வரணும். அது பின்னாடி 40 நாள் ஆச்சு. இத்தாலிய மொழியில 'குவாரன்டா'ன்னா நாற்பது. மஞ்சக் கொடி கட்டின கப்பல்னா ஒரு காலத்துல எல்லாரும் ஒதுங்குவாங்க. இப்ப அதே மஞ்சக் கொடிக்கு "நாங்க நல்லா இருக்கோம், உள்ளே விடுங்க"ன்னு அர்த்தம்!

ஆன்டிவைரஸ் செய்யறதும் அதே வாசக்காவல்தான். 1986-ல லாகூர்ல இரண்டு சகோதரர்கள் எழுதின 'பிரெயின்' ஃபிளாப்பி வழியா உலகம் சுத்துச்சு. 1990-ல நம்ம நாட்டுல 'ஜோஷி' தலைகாட்டுச்சு. ஜனவரி 5 அன்னிக்கு திரையை நிறுத்தி, ஜோஷிக்கு பிறந்தநாள் வாழ்த்து டைப் பண்ணச் சொல்லும். அடுத்த வருஷம், 1991-ல, நம்ம சென்னையிலேயே கேசவர்தனன் கே7 கம்ப்யூட்டிங் நிறுவனத்தை ஆரம்பிச்சார்.

அந்தக் காலத்து ஆன்டிவைரஸ் பெரும்பாலும் போலீஸ் ஸ்டேஷன் போட்டோ போர்டு மாதிரி. ஏற்கெனவே மாட்டினவன் முகம் இருக்கும், புதுசா வர்றவன் முகம் இருக்காது. இப்ப நடவடிக்கையைப் பார்த்தும் சந்தேகப்படுது. ஆனாலும் முழு உத்தரவாதம் கிடையாது.

இதுல ஒரு விஷயம் கவனிச்சிருக்கீங்களா? பெரிய தாக்குதல் பலதுலயும் பூட்டு முன்னாடியே வந்துடுச்சு, நாமதான் போடல. 2008 அக்டோபர் 23 மைக்ரோசாஃப்ட் ஓட்டையை அடைச்சது. நவம்பர்ல அதே ஓட்டை வழியா கான்ஃபிக்கர் வந்தது. அதோட பிந்தைய வகைகள் பென் டிரைவ்லயும் தொத்திக்கிச்சு. 2017 மார்ச் 14 இன்னொரு அடைப்பு வந்தது. மே 12-ல வான்னாக்ரை ஆட்டம் போட்டது.

அடுத்த மாசம்தான் துறைமுகத்துக்கே அடி. 2017 ஜூன் 27, நாட்பெட்யா. உக்ரைன்ல பலரும் நம்பிப் பயன்படுத்தின ஒரு கணக்கு மென்பொருளோட அப்டேட்டுக்குள்ள ஒளிஞ்சு வந்தது. கப்பல் கம்பெனி மெர்ஸ்க் விழுந்தது. மும்பை பக்கத்துல ஜவஹர்லால் நேரு துறைமுகத்துல அந்தக் குழுமம் நடத்தின டெர்மினலும் முடங்கிச்சு. துறைமுகத்துல பிறந்த வார்த்தையை கம்ப்யூட்டர் கடன் வாங்கினது. கம்ப்யூட்டர் வைரஸ் வந்து துறைமுகத்தையே மூடிச்சு!

4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டர் எல்லாத்தையும் மெர்ஸ்க் பத்தே நாள்ல திரும்ப நிறுவ வேண்டியதா போச்சு. யாரு எதுக்குள்ள போகலாம்னு தீர்மானிக்கிற முக்கியமான சர்வர்கள் உலகம் பூரா அழிஞ்சு போயிருந்தது. ஒண்ணே ஒண்ணு மட்டும் தப்பிச்சது, ஆப்பிரிக்காவுல கானா நாட்டுல. எப்படி? அங்க கரண்ட் கட்! அந்த நேரத்துல அது நெட்வொர்க்லயே இல்ல. அந்த ஹார்ட் டிஸ்க்கை நைஜீரியா வழியா கையோட லண்டனுக்கு கொண்டு போய்த்தான் கம்பெனியை எழுப்பினாங்க.

நான் அப்பாவுக்கு சொன்ன பதில் இதுதான். விண்டோஸோட வர்ற டிஃபெண்டர் பெரும்பாலான வீட்டுக்குப் போதும். காசு கொடுத்து வாங்கறதுன்னா ஏ.வி.-டெஸ்ட், ஏ.வி.-கம்பேரடிவ்ஸ் மாதிரி சோதனைக்கூடங்களோட முடிவைப் பார்த்து ஒண்ணே ஒண்ணு வாங்குங்க; ரெண்டு போட்டா ஒண்ணோட ஒண்ணு சண்டை போடும். அப்டேட்டை தள்ளிப் போடாதீங்க. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சிடுச்சு, மாத்துங்க. கிராக் பண்ணின சாஃப்ட்வேர் வேண்டவே வேண்டாம். பயமுறுத்தற மெயில்ல இருக்கிற நம்பருக்கு போன் பண்ணாதீங்க. ஏமாந்து பணம் போயிட்டா உடனே 1930-க்கு கூப்பிடுங்க.

இவ்வளவும் வாசக்காவல்தான். காவல் தோத்தா என்ன மிஞ்சும்ங்கறதுதான் நிஜமான கேள்வி.

ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போய் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்ல பாட்டி போட்டோ எல்லாத்தையும் ஏத்தினேன். முடிஞ்சதும் கழட்டினேன்.

"எதுக்குடா கழட்டற? அதுலயே இருக்கட்டுமே"ன்னார் அப்பா.

கானாவுல கரண்ட் போன கதையைச் சொன்னேன். அவர் ஒண்ணும் பேசல. டிஸ்க்கை வாங்கி, பாட்டியோட பழைய புடவைக்கு நடுவுல வெச்சு பீரோவைப் பூட்டினார்.

டிஸ்கி: மாசத்துக்கு ஒரு தடவை பீரோவைத் திறந்து புதுசா எடுத்த போட்டோவையும் ஏத்தணும். இல்லன்னா காப்பியும் பழசாயிடும் :-)