கொயிலா, சென்சரா, வயரா? பழைய காருக்குப் பாகம் வாங்கும் முன்

மெல்பேர்ணில் டன்டினோங் பக்கமும் சிட்னியில் பெண்டில் ஹில் பக்கமும் நம்மவர்கள் பலர் ஓடுவது பழைய கம்ரி. இரவு வேலைக்குப் போக பஸ் இல்லை. கார் நின்றால் அந்தக் கிழமைச் சம்பளமும் நின்றுவிடும். அதனால் எஞ்சின் விளக்கு எரிந்ததும் பதறி, ஸ்கானர் காட்டும் இலக்கத்தை நம்பிப் பாகத்தை வாங்கிவிடுகிறோம்.

கணக்குப் படித்த எங்களுக்கு இது தெரிந்த கதை. பரீட்சை மீதி சமப்படாவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது, அவ்வளவுதான். எந்தப் பதிவில் என்பதை நாம்தான் தேட வேண்டும்.

அல்ரோனாவில் 2017 ஒக்டோபர் 3 வரை இயங்கிய ரொயோட்டா தொழிற்சாலையில் செய்த 2.4 லீற்றர் கம்ரியை எடுத்துக்கொள்வோம். நான்கு சிலிண்டர், நான்கு கொயில். ஒவ்வொன்றும் அதனதன் ஸ்பார்க் பிளக்கின் மேலேயே இருக்கும். பி0303 என்றால் மூன்றாம் சிலிண்டரில் பெற்றோல் ஒழுங்காக எரியவில்லை. காரணம் கொயிலாக இருக்கலாம், பிளக்காக, இன்ஜெக்டராக, வயராகவும் இருக்கலாம்.

எஞ்சின் ஆறட்டும். சாவியை எடுத்துவிட்டு, மூன்றாம் கொயிலையும் இரண்டாம் கொயிலையும் இடம் மாற்றுங்கள். இலக்கத்தை அழித்துவிட்டு ஓடிப் பாருங்கள். இலக்கம் பி0302 ஆனால் கொயில்தான் பழுது. ஒன்று வாங்கினால் போதும். பி0303 ஆகவே நின்றால் பிளக்கையும் அப்படியே மாற்றிப் பாருங்கள். பிளக் குழியில் எண்ணெய் நின்றால் மேல்மூடியின் கஸ்கற் கசிகிறது. அதைத் திருத்தாமல் புதுக் கொயில் போட்டால் அதுவும் கெடும். எஞ்சின் ஓடும்போது கொயிலைக் கழற்ற வேண்டாம். அதில் பல்லாயிரம் வோல்ட். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் காரை நிறுத்திவிடுங்கள். எரியாத பெற்றோல் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரைச் சூடாக்கி அழித்துவிடும், அதன் விலை கொயிலைவிடப் பல மடங்கு.

பி0353 வேறு. அது மூன்றாம் கொயிலின் மின்சுற்று. கொயிலை மாற்றியும் இலக்கம் இடம் மாறாவிட்டால் வயரைப் பாருங்கள். கனெக்டரில் நான்கு வயர்: 12 வோல்ட், நிலத்தொடுப்பு, கணினியின் கட்டளை, கொயிலின் பதில். வெப்பத்தில் பிளாஸ்டிக் கொக்கி உடைந்து கனெக்டர் தளர்ந்திருப்பது பழைய கார்களில் சாதாரணம். கணினி வயரில் பல்ப் வைத்த சோதனை விளக்கு வேண்டாம், மல்டிமீற்றர் போதும்.

பி0335 வந்தால் கிராங்க் சென்சரின் சுற்று. சூடானதும் நின்று, ஆறியதும் ஸ்ரார்ட் ஆகும் கார்களில் இதைச் சந்தேகிக்கலாம். பற்றறியைக் கழற்றி, இரண்டு வயர் சென்சரின் தடையை ஆறிய நிலையிலும் சூட்டிலும் அளவுங்கள். சூட்டில் சுற்று அறுந்தால் சென்சர் போய்விட்டது. சென்சரில் வரும் அளவு கணினிப் பக்கக் கனெக்டரில் வராவிட்டால் இடையில் வயர் அறுந்திருக்கிறது. புதுச் சென்சர் வீண்.

இதெல்லாம் ஏலாது என்பவர்கள் மெக்கானிக்கிடம் ஒன்று கேளுங்கள்: என்ன சோதனை செய்து இந்தப் பாகம் என்று முடிவெடுத்தீர்கள்? அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி, வேலை முடிந்து 30 நாட்களுக்குள் நீங்கள் கேட்டால், 7 நாட்களுக்குள் விபரமான பில் இலவசமாகத் தர வேண்டும். பாகம் எவ்வளவு, கூலி எத்தனை மணித்தியாலம் என்பதெல்லாம் அதில் தனித்தனியாக வரும்.