பால்வெட்டும் வாசல்கூட்டலும்: இறக்குமதி அச்சத்தின் மறுபக்கம்

இலங்கையின் சப்ரகமுவ மாகாணத் தோட்டங்களைப் பற்றிய பொருளாதாரப் பேச்சில் ஒரு வாதம் ஓயாமல் திரும்பி வருகிறது. வெளிநாட்டு இறப்பரும் தேயிலையும் துறைமுகத்தில் இறங்கினால் உள்நாட்டு வேலைகள் அழிந்துபோகும் என்பது அது. கூலிப் பேச்சில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத கம்பனிக்காரரும் சங்கத் தலைவர்களும்கூட இந்த ஒரு விடயத்தில் ஒரே குரலில் பேசிவிடுவதுண்டு. இறப்பரைப் பொறுத்தவரை இந்த வாதம் நடந்தவற்றின் வரிசையைத் தலைகீழாக்குகிறது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. முதலில் ஆட்கள் போனார்கள். சரக்கு பிறகுதான் வந்தது. ஆட்கள் போனதற்குக் கூலிக் குறைவு ஒரு காரணம். அத்தொழில் செய்கிறவருக்கு ஊரில் மதிப்பில்லாமல் போனது அதே அளவு வலுவான காரணம். அந்த மதிப்பின்மை எங்கிருந்து வந்தது என்று தேடினால், தோட்டத்தை விட்டு நகரத்துக் கானோரம் வரை போக வேண்டியிருக்கிறது. தோட்டத்துக்கும் துப்புரவுக்கும் ஆள் பிடித்து வந்த பாதை ஒன்றுதான்.

இதை ஓர் ஊரிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். கொழும்பு–இரத்தினபுரி வீதியில் இரத்தினபுரிக்குச் சற்று முன்னால் இருக்கிறது குருவிட்ட. வெளியாருக்கு அது பட்டதொம்பலென குகையால், அல்லது எரத்ன வழியாகச் சிவனொளிபாதமலைக்கு ஏறும் பாதையால் தெரிந்திருக்கும். களனிப் பள்ளத்தாக்கு ரயில் 1912 முதல் இவ்வழியே இரத்தினபுரிக்கு ஓடியது. இன்று அது அவிசாவளையோடு நின்றுவிடுகிறது. நுவரெலியாவைப் போல மலை மலையாகத் தேயிலையும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களும் தொடர்ந்து கிடக்கும் நிலம் அல்ல இது. சிங்களக் கிராமங்கள், சிறு தேயிலைத் தோட்டங்கள், மாணிக்கக் குழிகள், இவற்றுக்கு நடுவே ஒதுங்கிய தமிழ் லயங்கள். 1977, 1981, 1983 வன்முறைகளுக்குப் பின் சப்ரகமுவத் தோட்டக் குடும்பங்கள் பல வவுனியாப் பக்கம் பெயர்ந்தன. எஞ்சியவர்கள் சிறு தொகையினர். பள்ளிக்கும் கடைக்கும் நாட்கூலிக்கும் அன்றாடம் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய்வருகிறவர்கள். ‘ஊரார் நம்மை என்னவென்று பார்க்கிறார்கள்’ என்ற கேள்வி ஹட்டன் இளைஞனைவிடக் குருவிட்ட இளைஞனை அடிக்கடி உரசுகிறது.

இறப்பரின் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். 1876இல் கியூ தோட்டத்திலிருந்து ஹெனரத்கொடைக்கு வந்து சேர்ந்த கன்றுகளே இலங்கை இறப்பரின் தொடக்கம். களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்கள் அதன் வீடாயின. 1952இல் சீனாவோடு செய்த இறப்பர்–அரிசி ஒப்பந்தம் நாட்டுக்கே சோறு போட்டது. 2011இல் உற்பத்தி ஏறத்தாழ 1,58,000 தொன். 2022இல் அது 70,000 தொன் அளவுக்கு இறங்கிவிட்டது. பதினொரு ஆண்டில் பாதிக்கும் கீழே. உலக விலை 2011க்குப் பின் சரிந்தது மெய். 2019 முதல் பெஸ்டலோசியோப்சிஸ் என்னும் இலையுதிர் நோய் தோட்டங்களை வாட்டியதும் மெய். ஆனால் நோயில்லாத மரமும் வெட்டப்படாமல் நின்றதற்கு இவை விடை சொல்லவில்லை.

பால்வெட்டு விடியலில் தொடங்க வேண்டிய வேலை. பட்டையைக் காயப்படுத்தாமல், ஆழமும் குறையாமல் சீவக் கை பழக வேண்டும். மழை பெய்தால் வெட்ட முடியாது. வெட்டாத நாளில் பேர், அதாவது அன்றைய கூலிக்கான பதிவு, விழுவது நிச்சயமில்லை. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் பிரதேசத்தில் இதன் பொருள் என்னவென்று தோட்டத்தில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வெளிவந்தது 2021இல். மறு ஆண்டு செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போனார்கள். அங்கும் கூலி பெரிதல்ல. ஆனால் அங்கே ‘தோட்டத்தான்’ என்ற பெயர் கூடவே வருவதில்லை, அல்லது வருவதை மறைத்துக்கொள்ள முடிகிறது. சரக்கு வந்தது இதற்குப் பிறகுதான். இலங்கையின் திட டயர் உலகச் சந்தையில் முன்னணியில் இருப்பது. அதைச் செய்யும் ஆலைகளுக்கு உள்நாட்டுப் பால் போதாதபோது வெளிநாட்டு இறப்பர் வந்தது. அந்தச் சரக்கு நின்றால் ஆலைத் தொழிலாளியின் வேலைதான் முதலில் ஆட்டங்காணும்.

இனி மதிப்பின் கதை. 1901இல் தகரச் சீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. தமிழகத்திலிருந்து வரும் ஒவ்வொருவரும் தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத் துண்டோடு வந்தார். பொதிக்குச் சீட்டுக் கட்டுவது போல ஆளுக்குச் சீட்டு. 1904இல் இலங்கைத் தொழிலாளர் ஆணையம் திருச்சிராப்பள்ளியில் அலுவலகம் திறந்து ஆட்சேர்ப்பை ஒழுங்குபடுத்தியது. பிறகு மண்டபம் முகாம். கடல் தாண்டுமுன் அங்கே தடுத்து வைத்து, உடுப்பை அவித்து, வாந்திபேதி இருக்கிறதா என்று பார்த்து அனுப்பினார்கள். தொற்றுநோய்த் தடுப்பில் தவறில்லை. ஆனால் முதல் வகுப்பில் வந்த பயணியின் உடுப்பு இப்படி அவிக்கப்படவில்லை. கூலியின் உடலே அழுக்கின் இருப்பிடம் என்ற எண்ணம் நிருவாக நடைமுறையாக இங்கேதான் உறுதிப்பட்டது. 1910களின் நடுப்பகுதியில் ரொக்ஃபெல்லர் நிறுவனத்தார் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது, மலசலகூடம் கட்டுவதும் அதைச் சுத்தமாக வைத்திருப்பதும் தோட்ட நிருவாகத்தின் கடமையாயின. கட்டியது தோட்டம். கழுவியது யார்?

தோட்டத்தில் அந்த ஆளுக்கு வாசல்கூட்டி என்று பெயர். லயத்துக் கானையும் கக்கூசையும் சுத்தம் செய்வது அவர் வேலை. இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தவர்களில் மிகப் பெரும் பகுதியினர் பள்ளர், பறையர், அருந்ததியர் சமூகத்தவர். ஊரில் ஒடுக்கப்பட்டவர்களே இங்கும் ஒரே லயத்தில் ஒடுங்கினார்கள். ஆனாலும் வாசல்கூட்டும் வேலை எல்லோருக்கும் சுற்று முறையில் வரவில்லை. அருந்ததியர் குடும்பங்கள்மீதே பெரும்பாலும் விழுந்தது. ஆள் பிடித்து வந்து வேலை வாங்கிய கங்காணிக்கு இது இயல்பாகப் பட்டது, தோட்ட நிருவாகியான துரைக்கு வசதியாக இருந்தது. மலையகம் பற்றி எழுதும் நம்மில் பலர் துரையின் சவுக்கைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகிறோம். வெளியிலிருந்து வந்த இழிவை உள்ளே ஒரு வீட்டின் வாசலில் இறக்கி வைத்தோம் என்பதை ஒப்புக்கொள்ளாமல் துப்புரவுத் தொழிலின் பொது மதிப்பைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

நகரசபைகளும் இதே ஆட்களைத்தான் தேடின. கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் என நகரங்கள்தோறும் மலவாளி எடுக்கவும் தெரு கூட்டவும் தமிழகத்து அருந்ததியர் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. கண்டியில் மஹியாவ அதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. காலிங்க டியூடர் சில்வா, பி.பி. சிவப்பிரகாசம், பரம்சோதி தங்கேஸ் ஆகியோர் 2009இல் வெளியிட்ட, இலங்கையில் மறைந்து வாழும் சாதிப் பாகுபாட்டைப் பற்றிய ஆய்வுநூலில் கண்டித் துப்புரவுத் தொழிலாளருக்குத் தனி இயல் உண்டு. அங்கும் தோட்டத்திலும் பொறி ஒன்றே: குடியிருப்பு வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. வேலையை விட்டால் கூரை போகும். தகப்பன் ஓய்வுபெற்றால் மகன் துடைப்பத்தை எடுக்காமல் வீட்டைக் காப்பாற்ற முடியாது. பிறகு, ‘அவர்களின் பிள்ளைகளும் அதே வேலைக்குத்தான் வருகிறார்கள்’ என்று ஊர் சொல்லும். பிறப்பையே தொழிலாகக் காணும் பொதுப்புத்திக்கு இந்த வீட்டு விதி ஆண்டாண்டாகச் சான்று தயாரித்துக் கொடுத்திருக்கிறது.

இறக்குமதி வாதத்தின் முதல் வடிவம் சரக்கைப் பற்றியதல்ல, இந்த மனிதர்களைப் பற்றியதே. 1930களின் பொருளாதார மந்தத்தில் ஏ.ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கம் கொழும்பில் மலையாளித் தொழிலாளருக்கு எதிராகக் கிளர்ந்தது. வந்தேறிகளால் இலங்கையர் வேலை இழக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டை ஆராய்ந்த சேர் எட்வர்ட் ஜாக்சனின் 1938ஆம் ஆண்டு அறிக்கை அதற்குப் போதிய ஆதாரம் காணவில்லை. அறிக்கை என்ன சொன்னாலும், மறு ஆண்டே அரசு தன் திணைக்களங்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியரை நீக்கத் துணிந்தது. ஜூலை 1939இல் நேரு வந்து பேசியும் பயனில்லை. இலங்கை இந்தியக் காங்கிரஸ் அம்மாதமே பிறந்தது. ஆகஸ்ட் 1 முதல் தேர்ச்சியற்ற தொழிலாளர் இலங்கை செல்வதை இந்தியா தடைசெய்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்க்கலாம் என்று. நாடற்ற நிலைக்கு முடிவு கட்டும் சட்டம் 2003இல்தான் வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, ஆட்கள் அந்நியரென்று எண்ணப்பட்ட அந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளிலும் அவர்கள் வெட்டிய பாலும் கிள்ளிய கொழுந்தும் ஒருநாளும் அந்நியப் பொருளாகவில்லை. ‘சிலோன் டீ’ தேசியச் சின்னம், கிள்ளியவர் வெளிநாட்டவர்.

‘உள்நாட்டு வேலையைக் காப்போம்’ என்ற முழக்கத்தை இந்த வரலாற்றோடு சேர்த்தே கேட்க வேண்டும். கலப்புக்காக வெளிநாட்டுத் தேயிலையைத் தாராளமாக இறக்க அனுமதிப்பதா என்ற விவாதத்தில், ஏற்றுமதியாளர் சந்தைப் பங்கைச் சொல்வார்கள். எதிர்ப்போர் சிலோன் டீயின் தூய்மை கெடும் என்பார்கள். தூய்மை இங்கே சரக்கின் குணம். 2017 தொடக்கம் பிரித்தானியாவிலிருந்து குப்பை நிறைந்த 263 கொள்கலன்கள் கொழும்புக்கு வந்து சேர்ந்த விவகாரம் 2019இல் வெளிப்பட்டபோதும் இதுவே நடந்தது. நாட்டின் மானம் போனதாக எல்லோரும் கொதித்தார்கள், நீதிமன்றம் தலையிட்டது, கடைசிக் கொள்கலன்கள் 2022 தொடக்கத்தில் திரும்பிப் போயின. நல்ல முடிவுதான். ஆனால் 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லையில் நம்முடைய சொந்தக் குப்பைமலை சரிந்து 32 பேரைக் கொன்றபின், அன்றாடம் வெறுங்கையால் அந்தக் குப்பையைப் பிரிப்பவர்களின் வேலை நிலைமை அதே சூட்டோடு பேசப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

இறக்குமதி யாரையும் பாதிப்பதில்லை என்று சொல்ல வரவில்லை. வியட்நாம் மிளகு இலங்கை வழியாக இந்தியாவுக்குப் போன விவகாரத்தில் மிளகுச் செய்கையாளர் எழுப்பிய குரல் நியாயமானது. இந்தியா கிலோவுக்கு 500 இந்திய ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை விதித்ததும் அந்தப் பின்னணியில்தான். ஆனால் மிளகுக் கொடி செய்கையாளருடையது. விலை விழுந்தால் இழப்பு நேரே அவருக்கு, ஏறினால் இலாபமும் அவருக்கு. பால்வெட்டும் தொழிலாளிக்கு மரமும் சொந்தமில்லை, பாலும் சொந்தமில்லை, இருக்கும் லயத்து அறையும் சொந்தமில்லை. வரி உயர்ந்து இறப்பர் விலை ஏறினால் அது அவர் கைக்கு வந்து சேரும் என்பதற்கு 2011 உச்ச விலைக் காலமே எதிர்ச்சான்று: அன்று கூலி கூட்டு ஒப்பந்தத்தால் நிர்ணயமானது, சந்தை விலையால் அல்ல.

இயந்திரத்தைப் பற்றியும் ஒரு சொல். இலங்கையில் குழாய்வழிக் கழிவுநீர் வசதி பெற்றோர் 2 வீத அளவினரே. மற்றவர்களின் குழி நிறைந்தால் பிரதேச சபையின் கழிவகற்றும் பவுசர்தான் வர வேண்டும். அதற்கான பொறிகளில் பெரும்பகுதி இறக்குமதி. இந்த ஒரு வெளிநாட்டுச் சரக்கால் வேலை போகிறதே என்று எந்த மேடையிலும் யாரும் குரல் எழுப்பியதில்லை. எழுப்பவும் வேண்டாம், வாளி ஒழிந்தது நல்லதே. ஆனால் குழாயைக் குழிக்குள் இறக்குபவரும், அடைப்பை எடுப்பவரும், பொறி பழுதானால் உள்ளே இறங்குபவரும் இன்னும் மனிதர்தான். இந்தியாவில் 1993லும் 2013லும் சட்டங்கள் வந்த பிறகும் மலக்குழி மரணங்கள் நிற்கவில்லை. 2023 ஒக்டோபரில் இந்திய உச்சநீதிமன்றம் இழப்பீட்டை 30 இலட்சம் இந்திய ரூபாயாக உயர்த்த நேர்ந்தது அதனால்தான். பொறி வந்தாலும் பழைய சாதிக் கணக்கே யாரை உள்ளே இறக்குவது என்று தீர்மானிக்கிறது.

எனவே, இறக்குமதி வரியை உயர்த்தக் கேட்டு மனுப்போடும் கம்பனிகளும் சங்கங்களும், கூடுதலாகக் கிடைக்கும் விலையில் பால்வெட்டுகிறவரின் பங்கு எவ்வளவு என்பதை அதே மனுவில் எழுதட்டும். தோட்ட நிருவாகங்கள் வாசல்கூட்டும் வேலையைக் குடும்பவழியாக ஒப்படைப்பதை நிறுத்தட்டும். பிரதேச சபைகள் துப்புரவுப் பணியை நிரந்தரப் பணியாக்கி, கையுறையும் காலணியும் மருத்துவப் பரிசோதனையும் கொடுத்து, எல்லாச் சமூகத்தாரும் விண்ணப்பிக்கும்படி விளம்பரம் செய்து ஆள் எடுக்கட்டும். லயத்து வீட்டையும் நகரசபை வீட்டையும் வேலையிலிருந்து பிரித்து, குடியிருப்போர் பெயரில் உறுதி எழுதிக் கொடுக்கட்டும். இவற்றுள் எதற்கும் சுங்கத் திணைக்களத்தின் அனுமதி தேவையில்லை.