எந்தப் பிடிக்கும் தடையில்லை

தொலைக்காட்சி நேர்காணலில் ஓர் அரசியல்வாதியைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் கேள்விகளால் துளைத்தெடுத்தால், ஆங்கிலப் பத்திரிகைகள் அதை ‘நோ ஹோல்ட்ஸ் பார்டு’ நேர்காணல் என்று எழுதும். தேர்தல் பிரசாரம், சொத்துச் சண்டை, ஊரையே சந்திக்கு இழுக்கும் தன்வரலாறு என எல்லாவற்றுக்கும் இந்த அடைமொழி பொருந்தும். ‘விதியாவது, வரம்பாவது’ என்பதுதான் இன்றைய பொருள். வேடிக்கை என்னவென்றால், இந்தத் தொடர் பிறந்ததே ஒரு விதியாகத்தான்.

‘ஹோல்டு’ என்பது மல்யுத்தத்தில் போடும் பிடி. ‘பார்டு’ என்றால் தடைசெய்யப்பட்டது. எந்தெந்தப் பிடி கூடாது என்ற பட்டியல் இருந்தால்தானே, ‘எதற்கும் தடையில்லை’ என்று தனியாக அறிவிக்க வேண்டிவரும்?

அப்படிப் பட்டியல்கள் ஏராளமாக இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குள்ளேயே வட்டாரத்துக்கு ஒரு மல்யுத்தம். வடக்கே கம்பர்லாந்திலும் வெஸ்ட்மர்லாந்திலும் இருவரும் மார்போடு மார்பு சேர்ந்து, எதிராளியின் வலது தோளில் முகவாயை வைத்து, அவர் முதுகுக்குப் பின்னால் கைகளைக் கோத்துக்கொள்வார்கள். கோத்த கை நழுவினாலே தோல்வி. கார்ன்வாலில் மல்லர்கள் முரட்டுத்துணிச் சட்டை போட்டு இறங்குவார்கள். அந்தச் சட்டையைத்தான் பிடிக்கலாம். ஐரோப்பாவில் பரவிய கிரேக்க-ரோமானிய முறையில் இடுப்புக்குக் கீழே கை போகக் கூடாது. லங்காஷயர்காரர்கள் மட்டும் காலையும் பிடிப்பார்கள், தரையில் புரண்டும் மல்லுக்கட்டுவார்கள். அவர்கள் முறைக்குப் பெயரே ‘கேட்ச் ஆஸ் கேட்ச் கேன்’: பிடிக்க முடிந்த இடத்தில் பிடி. இன்றைய ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தின் முன்னோடி அதுதான்.

இந்த முறைகளெல்லாம் கப்பலேறி அமெரிக்கா போனபோது சிக்கல் வந்தது. பந்தயப் பணம் கட்டி மோதும் இருவர் வெவ்வேறு மரபில் பழகியவர்கள். அதனால் சவாலை ஏற்கும்போதே பேச்சுவார்த்தை நடக்கும். எந்த முறை, எத்தனை சுற்று, எந்தப் பிடிக்குத் தடை என்று எழுதிக் கையெழுத்திடுவார்கள். அதிகம் தடைக்குள்ளான பிடிகளில் ஒன்று கழுத்தை நெரிக்கும் பிடி. அந்தப் பிடியாலேயே ‘ஸ்ட்ராங்ளர்’ என்று பெயர் வாங்கியவர் விஸ்கான்சினைச் சேர்ந்த எவன் லூயிஸ். 1886இல் சிகாகோவில் ஜப்பானிய மல்லர் மட்சுடா சொரகிச்சியை அவர் அப்படித்தான் வீழ்த்தினார். அடுத்த மாதம் நடந்த மறுபோட்டியில் கழுத்துப் பிடிக்குத் தடை. லூயிஸ் அலட்டிக்கொள்ளவில்லை. காலைப் பிடித்து முறுக்கினார். சொரகிச்சியால் போட்டியைத் தொடர முடியவில்லை.

ஒன்றைத் தடுத்தால் இன்னொன்று முளைக்கும் இந்தச் சூழலில், ‘எந்தப் பிடிக்கும் தடையில்லை’ என்ற நிபந்தனை ஒரு சவடாலாகவே ஒலித்தது. விளையாட்டுப் பக்கங்களில் புழங்கிய தொடர், 20ஆம் நூற்றாண்டில் கோதாவை விட்டு வெளியேறி அரசியலுக்கும் வணிகத்துக்கும் போனது. லூயிஸின் பிடியும் கூடவே போனது. ஒரு நிறுவனம் சந்தையைத் தன் கைக்குள் இறுக்கி வைத்திருந்தால் ஆங்கிலத்தில் அது ‘ஸ்ட்ராங்கிள்ஹோல்டு’. தமிழ்ச் செய்தித்தாள்களில் போலீஸ் நடத்தும் ‘கிடுக்கிப்பிடி விசாரணை’யும் இதே வழியில் வந்த பிரயோகம்தான்.

நூறாண்டு கழித்து அந்தத் தொடர் கோதாவுக்கே திரும்பியது. 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில் முதல் ‘அல்டிமேட் ஃபைட்டிங் சாம்பியன்ஷிப்’ (யு.எஃப்.சி.) போட்டி நடந்தது. குத்துச்சண்டை, கராத்தே, சுமோ, ஜுஜுட்சு எனப் பலதுறை வீரர்களை ஒரே கூண்டுக்குள் இறக்கிவிட்டார்கள். விதிகளே இல்லை என்றுதான் விளம்பரம். ஆனாலும் கடிக்கக் கூடாது, கண்ணைத் தோண்டக் கூடாது என்ற தடைகள் அங்கேயும் இருந்தன. பிரேசிலின் ராய்ஸ் கிரேசி பட்டம் வென்றார். இவ்வகைச் சண்டைக்கு அப்போது ‘நோ ஹோல்ட்ஸ் பார்டு’ என்ற பெயரே வழங்கியது.

பெயரே வினையாகவும் ஆனது. செனட்டர் ஜான் மெக்கெய்ன் இதை மனிதச் சேவல்சண்டை என்று சாடினார். பல மாநிலங்கள் தடை விதித்தன. பிழைக்க வேண்டுமானால் விதிகள் வேண்டும் என்று நடத்துநர்கள் உணர்ந்தார்கள். எடைப் பிரிவுகள், சுற்றுகள், கையுறைகள், செய்யக் கூடாதவற்றின் நீண்ட பட்டியல் என 2000ஆம் ஆண்டையொட்டி நியூ ஜெர்சியில் ஒருங்கிணைந்த விதிகள் உருவாயின. விளையாட்டும் ‘மிக்ஸ்டு மார்ஷியல் ஆர்ட்ஸ்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. தடையை நீக்கச் சட்டம் இயற்றிய கடைசி மாநிலம் நியூயார்க். 2016 நவம்பரில் அங்குள்ள மாடிசன் ஸ்கொயர் கார்டனில் யு.எஃப்.சி. முதன்முறையாகக் களம் கண்டது.