சிலிண்ட்ரோமா வகைப்பாட்டின் வரலாறு: நுண்ணோக்கியிலிருந்து மரபணு வரை

1842இல் லண்டன் மருத்துவர் ஹென்றி ஆன்செல், தலையிலும் முகத்திலும் கட்டிகள் மண்டிய ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். சிலிண்ட்ரோமா என இன்று அறியப்படும் தோல் கட்டி மருத்துவ ஏட்டில் ஏறிய முதல் தருணமாக அதையே கருதுகிறார்கள். இளஞ்சிவப்பான, வழவழப்பான, முடி முளைக்காத முடிச்சுகள் இவை. பருவ வயதுக்குப் பின் தலைகாட்டி, ஆண்டுக்காண்டு பெருகும். பெண்களிடமே மிகுதி. உச்சந்தலை முழுவதும் பரவிவிட்டால் ‘தலைப்பாகைக் கட்டி’ என்பார்கள். புற்றாக மாறுவது அபூர்வம். ஆனாலும் அதைச் சுமப்பவர் படும் பாட்டைத் ‘தீங்கற்ற கட்டி’ என்ற மருத்துவப் பெயர் சற்றும் சொல்வதில்லை.

பெயர் வந்தது வேறு திசையிலிருந்து. 1850களில் அறுவை மருத்துவர் தியோடர் பில்ரோத், உமிழ்நீர்ச் சுரப்பி போன்ற இடங்களில் எழும் சில கட்டிகளுக்கு, அவற்றில் கண்ட உருளை வடிவங்களை வைத்துச் ‘சிலிண்ட்ரோமா’ என்று பெயரிட்டார். அந்தப் பெயர் தோல் கட்டிக்கும் ஒட்டிக்கொண்டது. உமிழ்நீர்ச் சுரப்பியில் வருவதோ நரம்போடு ஊர்ந்து, ஆண்டுகள் கழித்தும் திரும்பத் தாக்கும் புற்றுநோய். 20ஆம் நூற்றாண்டில் அது ‘அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா’ என்று தனியாகப் பிரிக்கப்படும்வரை இரண்டும் ஒரே பெயரில் புழங்கின.

தோல் கட்டி எந்தத் திசுவில் பிறக்கிறது என்பதிலும் தெளிவில்லை. 1899இல் வியன்னாவின் எட்வர்ட் ஸ்பீக்லர் இதை நாளங்களின் உட்சுவரில் தோன்றும் எண்டோதீலியோமாவாக எண்ணினார். அதற்கு முன்பே, 1892இல், மான்செஸ்டரின் ஹென்றி புரூக் முகத்தில் வரும் சிறு கட்டிகளைத் தனியாக விவரித்திருந்தார். மயிர்க்கால் சார்ந்த ட்ரைக்கோஎபிதீலியோமா என்று பின்னாளில் அறியப்பட்டவை அவை. 1956இல் கெர்ஸ்டிங்கும் ஹெல்விக்கும் தொட்டால் வலிக்கும் ஸ்பைரடெனோமாவை வியர்வைச் சுரப்பிக் கட்டியாக வரையறுத்தனர். ஆக, மூன்று நோய்கள், மூன்று பெயர்கள்.

நுண்ணோக்கியில் சிலிண்ட்ரோமாவை அடையாளம் காண்பது எளிது. செல் தீவுகள் புதிர்ப்பலகைத் துண்டுகளைப் போல ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்கும். ஒவ்வொரு தீவின் ஓரத்திலும் சிறிய, கருத்த உட்கருக்கள். நடுவில் பெரிய, வெளிறிய உட்கருக்கள். பி.ஏ.எஸ். சாயமேற்றினால் தீவைச் சுற்றிய தடித்த உறை பளிச்செனச் சிவக்கும். இவ்வளவு தெளிவான முகம் இருந்ததே பிறப்பைத் தேடும் வேலையைத் தாமதப்படுத்தியது என்பது என் கருத்து. பார்த்தவுடன் பெயர் சொல்ல முடிந்ததால், அடுத்த கேள்விக்கு அவசரமில்லாமல் போயிற்று. மேலும், ஒரே குடும்பத்தில், சில நேரம் ஒரே ஆளின் தலையில், மூன்று கட்டிகளும் சேர்ந்தே வந்தன. தோல் மருத்துவர்கள் அதைக் கவனித்தே இருந்தார்கள். காரணம் சொல்லத்தான் முடியவில்லை.

விடை குடும்பங்களிடமிருந்து கிடைத்தது. 1995இல் காரணமான மரபணு 16ஆம் குரோமோசோமின் ஒரு பகுதிக்குள் இருப்பது தெரிந்தது. 2000இல் அது பிடிபட்டு, சி.ஒய்.எல்.டி. எனப் பெயர் பெற்றது. பெற்றோரிடமிருந்து ஒரு பழுதான பிரதியோடு பிறப்பவரின் தோல் செல்லில் மறு பிரதியும் கெட்டால் கட்டி வளரத் தொடங்கும். மூன்று கட்டிகளுக்கும் வேர் இந்த ஒரே மரபணு என்பதும் உறுதியானது. 2003இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் அதன் வேலையை ஒரே நேரத்தில் கண்டறிந்தன. புரதங்களில் ஒட்டிய யுபிக்விட்டின் சங்கிலிகளை வெட்டி, செல்லைச் சாகவிடாமல் காக்கும் என்.எஃப். கப்பா பி சமிக்ஞையை அது அடக்கி வைக்கிறது. ஆம்ஸ்டர்டாம் குழு இத்தகைய 50 நொதிகளை ஒவ்வொன்றாக முடக்கிப் பார்த்தே இதைக் கண்டது. ஆஸ்பிரின் வகை மருந்துகள் அந்தப் பாதிப்பை ஆய்வகத்தில் சரிசெய்யக்கூடும் என்றும் அது காட்டியது.

பில்ரோத்தின் பெயரைப் பிழையென்று ஒதுக்கிவிட்டோம் என்று நினைத்திருந்தபோது இன்னொரு திருப்பம். அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமாவின் அடையாளமான எம்.ஒய்.பி., என்.எஃப்.ஐ.பி. என்ற இரு மரபணுக்களின் இணைவு, குடும்ப வழி வராத சில தோல் சிலிண்ட்ரோமாக்களிலும் 2011இல் தென்பட்டது. பரம்பரைக் கட்டிகளில் அந்த இணைவு இல்லாமலே எம்.ஒய்.பி. முடுக்கப்படுகிறது. நடத்தையில் எதிரெதிரான இரு நோய்கள் தோற்றத்தால் ஒரே பெயரில் சேர்ந்தது முழுவதும் தவறாகிவிடவில்லை.

பிறப்பிடத் தகராறு, எக்ரைன் வியர்வைச் சுரப்பியா, அபோக்ரைன் வியர்வைச் சுரப்பியா, மயிர்க்காலின் மூல செல்லா என்று, இன்னும் ஓயவில்லை. சிகிச்சையும் மரபணு அறிவின் வேகத்துக்கு வரவில்லை. செல் வளர்ச்சியைத் தூண்டும் டி.ஆர்.கே. சமிக்ஞையைத் தடுக்கும் பூச்சு மருந்து ஒன்றைப் பிரிட்டனில் நோயாளிகளிடம் சோதித்தபோது கட்டிகள் குறிப்பிடும்படி சுருங்கவில்லை. கட்டிகளின் எண்ணிக்கை பெருகியவர்களுக்கு உச்சந்தலைத் தோலை அகற்றிவிட்டு வேறிடத்துத் தோலை ஒட்டும் அறுவைதான் இப்போதும் வழி.